பழைய ஆங்கிலேயச் சுவரோர மேசை: தங்க ரேக் உரிகிறது, பளிங்கில் பதித்த இதழ் ஆடுகிறது, என்ன செய்யலாம்?

நாட்டிங்காம்வாசி
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவரின் பாட்டி காலமான பிறகு, அவர் வீட்டுக் கூடத்தில் நின்ற மேசை போன மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தது. கால்களும் சட்டமும் செதுக்கிய மரம், முழுவதும் தங்க முலாம். மேலே கறுப்புப் பளிங்குப் பலகை. அதில் வண்ணக் கற்களால் ஒரு மலர்க்கொத்தைப் பதித்திருக்கிறார்கள். நேற்று தூசி துடைத்தபோது முன்பக்கக் கால் ஒன்றில் தங்கம் செதில் செதிலாக உதிர்ந்தது. மல்லிகைப் பூவின் ஓர் இதழும் விரல் பட்டால் ஆடுகிறது. கடையில் விற்கும் தங்க வண்ணத்தைப் பூசிவிட்டு, இதழைச் சூப்பர் குளூவால் ஒட்டிவிடலாமா? சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள்.

தங்கரேக்
சகோதரி, தயவுசெய்து எதையும் பூச வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். முதலில் சில விவரங்கள் தேவை. உலர்ந்த துணியால் துடைத்தீர்களா, ஈரத்துணியாலா? துணியில் ஏதேனும் நிறம் ஒட்டியதா? மேசை அறையில் எங்கே நிற்கிறது? உதிர்ந்த செதில்களை வைத்திருக்கிறீர்களா?

பட்டறைக்காரன்
என் கணிப்பில் இது தங்கமே அன்று. பழைய முலாம் மங்கியதும் பித்தளைத் தூளை வார்னிஷில் குழைத்துப் பூசிவிடும் வழக்கம் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. அந்தப் பூச்சு நாளடைவில் பழுப்பாகவோ பச்சையாகவோ மாறி உரியும். நான் கையாண்ட மேசைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. பலகையின் அளவையும் சொல்லுங்கள்.

பழம்பொருள் மூத்தவன்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் வந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும். கறுப்புத் தளத்தில் மலர் என்றாலே இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து வேலைதான். அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்து முதலாம் பெர்டினாண்டோ 1588-இல் அங்கே நிறுவிய பட்டறையிலிருந்து வளர்ந்த கலை அது. ஐரோப்பியப் பெரும்பயணம் போன ஆங்கிலேயக் கனவான்கள் பலகையை மட்டும் வாங்கிக் கப்பலில் அனுப்பிவிட்டு, ஊர் திரும்பியதும் அதற்கேற்ற காலும் சட்டமும் செதுக்கச் சொல்வார்கள். செதுக்கல் கனமாக இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட் பாணி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாட்டிங்காம்வாசி
ஈரத்துணிதான், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டிருந்தேன். துணியில் செங்கல் நிறம் ஒட்டியது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. மேசை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு நேர் மேலே, சன்னலுக்குக் கீழே இருக்கிறது. செதில்கள் குப்பைத்தொட்டியில் உள்ளன, எடுத்துவிடுகிறேன். பலகை ஏறக்குறைய 120 செ.மீ. நீளம், 60 அகலம், 2.5 கனம்.

தங்கரேக்
இப்போது புரிகிறது. பட்டறைக்காரன் அண்ணா சொல்வது பல மேசைகளுக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் செங்கல் நிறமே இங்கு அடியில் உண்மையான தங்க ரேக், அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, இருப்பதைக் காட்டுகிறது. மரத்தின் மேல் சீமைச்சுண்ணாம்புத் தூளையும் முயல்தோல் வச்சிரப் பசையையும் குழைத்துப் பல பூச்சுகள் கொடுப்பார்கள். ஜெஸ்ஸோ எனப்படுவது இதுதான். நீங்கள் கண்ட வெள்ளையும் இதுவே. அதன்மேல் செங்களிமண் பூச்சு, அதை நீரால் நனைத்து ரேக், உலரும் பக்குவத்தில் அகேட் கல்லால் தேய்த்து மினுக்கு. ரேக்கின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் நீரில் இளகும் வச்சிரத்தால் பிடித்து நிற்பவை என்பதால், ஈரத்துணி பட்டால் தங்கம் மட்டுமின்றி அடித்தளமே கரைந்து துணியோடு வந்துவிடும். எண்ணெய்ப் பசையில் ஒட்டிய ரேக் ஈரத்தைச் சற்றுத் தாங்கும். உங்கள் மேசையில் உரிந்த இடம் அந்த வகை அன்று.

ஆனால் துணி மட்டும் குற்றவாளி அன்று. ரேடியேட்டரின் சூட்டில் மரம் ஈரம் இழந்து சுருங்குகிறது. ஜெஸ்ஸோவோ கிட்டத்தட்ட சுண்ணாம்புக் கல், அதனோடு சேர்ந்து சுருங்காது. இரண்டுக்கும் நடுவே பிடி விட்டு, மேற்பரப்பு முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே காற்று புகுந்து நிற்கும். அப்படி ஏற்கெனவே தூக்கி நின்ற இடத்தைத்தான் உங்கள் துணி தொட்டது. இதழ் ஆடுவதற்கும் அதே வெப்பம் காரணமாக இருக்கலாம்: பழைய பட்டறைகளில் கற்களைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் கலந்த கலவையால் ஒட்டுவார்கள், பல ஆண்டுகள் கீழிருந்து சூடேறினால் அது இளகும், பிறகு வறண்டு நொறுங்கும்.

இன்றே செய்ய வேண்டியது: மேசையை வெளிச்சுவரிலிருந்தும் ரேடியேட்டரிலிருந்தும் விலக்குங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவியை அருகில் வைத்து, 50 முதல் 55 சதவீதத்தில் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். செதில்களை மடித்த காகித உறையில் போட்டு, எந்தக் காலில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பிரிட்டனின் பழம்பொருள் பாதுகாப்பாளர் சங்கமான ஐகான் அமைப்பின் பதிவேட்டில் முலாம் வேலை தெரிந்த பாதுகாப்பாளர் கிடைப்பார். பெரும்பாலும் விலங்கு வச்சிரத்தையோ மீன் வச்சிரத்தையோ இளஞ்சூட்டில் செலுத்தி அந்தச் செதிலையே இருந்த இடத்தில் அமர்த்துவார். கடைத் தங்க வண்ணம் சில ஆண்டுகளில் கறுத்துவிடும், அதை நீக்கப் போனால் மிஞ்சிய ரேக்கும் போகும். சூப்பர் குளூவும் அப்படித்தான். பின்னால் யாராலும் இதழைச் சேதமின்றிப் பிரிக்க முடியாது.

கல்தச்சன்
மூத்தவன் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. கறுப்புத் தளம் எல்லாம் புளோரன்ஸ் அன்று. நாட்டிங்காமுக்கு மிக அருகில் டெர்பிஷயரில், ஆஷ்போர்டு-இன்-தி-வாட்டர் ஊரில் கிடைத்த கறுப்புக் கல்லில் 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலை செழித்தது. 1748-இல் ஹென்றி வாட்சன் அங்கே கல்லை அறுத்து மெருகிடும் ஆலையை நிறுவினார். பிறகு டெவன்ஷயர் கோமகனின் ஆதரவும் இருந்தது, 1851 லண்டன் பெருங்காட்சியிலும் இந்தக் கல் பதிக்கும் வேலை இடம்பெற்றது. மல்லிகையும் பள்ளத்தாக்கு லில்லியும் அவர்களுக்கு மிகப் பிடித்த மலர்கள். அது நிலக்கீல் ஊறிய சுண்ணாம்புக்கல், மெருகிடாத இடத்தில் சாம்பல் நிறமாகவே இருக்கும். பலகையின் பின்விளிம்பைப் பாருங்கள் அக்கா.

பழம்பொருள் மூத்தவன்
இளைஞரே, புளோரன்ஸ் பட்டறைகள் பயன்படுத்திய பிளாண்டர்ஸ் கறுப்புக் கல்லும் மெருகிடாத இடத்தில் சாம்பல்தான். சாம்பலைக் கண்டு ஊரைத் தீர்மானிக்க முடியாது.

கல்தச்சன்
அது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையின் முறையும் ஒரு சான்று. டெர்பிஷயரில் பொதுவாகப் பலகையிலேயே பள்ளம் தோண்டிக் கற்களை இறக்குவார்கள். புளோரன்சில் மெல்லிய கற்களை ஒன்றோடொன்று பொருத்தி, பெரும்பாலும் கீழே சிலேட் பலகையில் ஒட்டுவார்கள். இதழ் ஆடும் இடத்தில் உருப்பெருக்கியால் பார்த்தால் பள்ளமா, பொருத்தா என்று தெரியக்கூடும். கென்ட் 1748-இலேயே இறந்துவிட்டார். பலகை 19-ஆம் நூற்றாண்டினது என்றால், சட்டம் ஒரு காலம், பலகை மற்றொரு காலமாகவும் இருக்கலாம். அல்லது சட்டமே அந்தப் பாணியைப் பின்பற்றிப் பிறகு செய்ததாகவும் இருக்கலாம்.

பட்டறைக்காரன்
சந்தேகம் தீர எளிய வழி உண்டு. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால், பளிங்கு நுரைக்கும்; ஜிப்சத்தால் செய்த போலிப் பளிங்கான ஸ்காலியோலா நுரைக்காது.

தங்கரேக்
வேண்டாம் அண்ணா, மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொட்டு வழிந்து மெருகில் பட்டால் கறுப்பு மங்கி அழியாத சாம்பல் புள்ளியாக நிற்கும். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதே போதும்; ஸ்காலியோலா பளிங்கைவிடக் குளிர்ச்சி குறைவாகத் தோன்றும். ஸ்காலியோலா என்றாலும் அதைக் குறைவாக மதிக்க வேண்டாம்: இத்தாலியின் வல்லோம்புரோசா மடத்துத் துறவி ஹக்ஃபோர்டு செய்த பலகைகளுக்கு ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சகோதரி, இன்னொன்று. மேசையை நகர்த்தும்போது பலகையோடு சேர்த்துத் தூக்காதீர்கள். நீங்கள் தந்த அளவுக்கு அது சுமார் 49 கிலோ இருக்கும். இதழ்மேல் மென்மையான காகிதத்தை விரித்து, இருவர் சேர்ந்து பலகையைக் கண்ணாடி எடுப்பதுபோல் செங்குத்தாக நிமிர்த்தி, ஒரு நீள விளிம்பின்மேல் நிற்கும்படி எடுத்துச் செல்லுங்கள். தட்டுபோல் படுக்கைவசமாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடும். சட்டத்தை முலாம் இல்லாத உட்புறக் குறுக்குக் கட்டையில் பிடித்துத் தூக்குங்கள்.

நாட்டிங்காம்வாசி
எல்லோருக்கும் நன்றி. பலகையை நீங்கள் சொன்னபடி நிமிர்த்தி எடுத்தோம், மேசை இப்போது உட்சுவரை ஒட்டி நிற்கிறது. குப்பைத்தொட்டியிலிருந்து பதினொரு செதில்கள் கிடைத்தன. கை வைத்தால் பலகை நன்றாகவே குளிர்கிறது, பின்விளிம்பு சாம்பல் நிறம். அடியில் சிலேட் எதுவும் இல்லை, ஒரே கல். பாதுகாப்பாளர் அடுத்த வியாழன் வருகிறார். சனிக்கிழமை விருந்தினரை வேறு அறையில் அமர்த்திக்கொள்கிறோம்.

கல்தச்சன்
ஒரே கல் என்றால் டெர்பிஷயர் பக்கமே தராசு சாய்கிறது. பாதுகாப்பாளர் இதழை எடுக்கும்போது, அதன் கீழே இருக்கும் பள்ளத்தை மட்டும் ஒரு படம் எடுத்து இங்கே இடுவீர்களா, அக்கா?