பனியுந்தில் ‘ஓவர்ஹீட்டிங்’: சூடேற்றமா, மிகைச்சூடா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பனியுந்து (பனியின் மேல் ஓடும் ‘ஸ்னோமொபைல்’ வண்டி) ஓட்டுபவர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது. ‘எஞ்சின் ஓவர்ஹீட்டிங்’ பற்றிய இயலில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போதைக்கு ‘சூடேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஹீட் எக்ஸ்சேஞ்சரை ‘ரேடியேட்டர்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் தெரிந்த சொல். ஐஸ் ஸ்கிராட்சருக்குப் ‘பனிச்சுரண்டி’. இந்த மூன்றையும் யாராவது பார்த்துச் சொன்னால் அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

– – –

வணக்கம்.

அச்சுக்கு அனுப்பாதீர்கள். மூன்று சொற்களும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே ஓட்டுபவரைத் தவறான காரியத்தைச் செய்ய வைக்கும். பராமரிப்புக் கையேட்டில் ஒரு சொல்லுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

> இப்போதைக்கு ‘சூடேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதே கையேட்டில் முன்பு எங்கோ ‘புறப்படுமுன் எஞ்சினைச் சூடேற்றவும்’ என்று எழுதியிருப்பீர்கள். எழுதாமல் இருக்க முடியாது. கடுங்குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பிய கையோடு வேக விசையை அழுத்தினால், அலுமினிய பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளி போய்விடும், பிஸ்டன் கவ்விக்கொள்ளும். இந்தக் ‘குளிர்ப்பிடிப்பு’ வராமல் தடுப்பதற்குத்தான் சூடேற்றல். இப்படி ஓர் இடத்தில் ‘சூடேற்றவும்’ என்று சொல்லிவிட்டு, இன்னோர் இடத்தில் ‘சூடேற்றத்தைத் தவிர்க்கவும்’ என்றால், அவசரக்காரர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார். எனவே ‘சூடேற்றல்’ நல்ல காரியத்துக்கு இருக்கட்டும். கெட்டதற்கு ‘மிகைச்சூடு’ என்று வைக்கலாம்.

வைத்தாலும், அதை எல்லாவற்றின் தலையிலும் கட்டக் கூடாது. பனியுந்தில் அளவுக்கு மீறிச் சூடாகக்கூடிய பொருள்கள் பல. குளிர்திரவம் (கூலன்ட்) ஒன்று. எஞ்சினின் விசையைக் கடத்தும் பெல்ட் இன்னொன்று. அடியில் ஓடும் ரப்பர்ப் பட்டை உரசிச் செல்கிற பிளாஸ்டிக் சட்டங்கள் மூன்றாவது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. பெல்ட் கருகினால் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். குளிர்திரவம் சூடானால் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் திரவம் மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் யாரோ ஒருவர் தவறான மூடியைத் திறப்பார். ஆகவே மிகைச்சூடு குளிர்திரவத்துக்கு மட்டும். மற்றவற்றுக்குப் ‘பெல்ட் கருகல்’, ‘சட்டம் உருகல்’ என்று நடப்பதையே பெயராக வைத்துவிடலாம்.

இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் நாலாவதாக ஒன்று உண்டு. எரிபொருள் குறைந்து காற்று மிகுந்துபோனால் பிஸ்டனின் தலையே உருகிப் பொத்தலாகிவிடும். குளிர்காற்று அடர்த்தி மிக்கது. அதனால் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் குளிர் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். இதில் கொடுமை என்னவென்றால், குளிர்திரவத்தின் வெப்பநிலை சாதாரணமாகவே இருக்கும்; எச்சரிக்கை விளக்கும் எரியாது. இதை ‘வறட்கலவை’ என்று தனித் தலைப்பில் எழுதுங்கள். மிகைச்சூட்டு இயலுக்குள் சேர்த்தால், விளக்கு எரியவில்லை என்பதை நம்பி எஞ்சினைப் பறிகொடுப்பார்கள்.

> ஹீட் எக்ஸ்சேஞ்சரை ‘ரேடியேட்டர்’ என்றே விட்டுவிடலாம்

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ரேடியேட்டர் என்றதும் படிப்பவர் வண்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பார். கார் அப்படித்தான் பழக்கியிருக்கிறது: முன்னால் வலை, பின்னால் விசிறி, எதிர்க்காற்று வந்து சூட்டைக் கொண்டுபோகும். சில பனியுந்துகளில் கூடுதலாக அப்படி ஒன்றும் இருக்கிறது. ஆனால் திரவத்தால் குளிரும் பெரும்பாலான வண்டிகளில் சூடு வெளியேறுவது இருக்கைக்குக் கீழே, ரப்பர்ப் பட்டை சுழலும் கூட்டின் உட்புறத்தில். அங்கே வரிவரியாகச் செதில் வைத்த அலுமினியத் தகடுகள் பதிந்திருக்கும். குளிர்திரவம் அவற்றின் உள்ளே ஓடும். பட்டை வாரியடிக்கும் பனி அந்தத் தகட்டில் மோதி உருகுகிறது. உருகும்போது சூட்டை வாங்கிக்கொண்டு கீழே விழுகிறது.

இந்த ஏற்பாட்டின் வலிமை கணக்கில் தெரியும். ஒரு கிலோ பனி, வெப்பநிலை ஒரு டிகிரிகூட உயராமல், உருகுவதற்கு மட்டும் ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். பள்ளிப் பாடத்தில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று படித்தது இதுதான். அதே வெப்பத்தைக் காற்றிடம் தள்ளிவிட வேண்டுமானால், காற்று 50 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டாலும், ஏழு கிலோ காற்று, அதாவது ஐந்து கன மீட்டர் வேண்டும். அதனால்தான் ஆற்றல் மிக்க எஞ்சினைக் கையகலத் தகடுகளால் சமாளிக்க முடிகிறது. அதனால்தான் பனி மேலே தெறிக்காத இடத்தில் அந்தத் தகடுகள் வெறும் தகரமாகிவிடுகின்றன.

கார் பழக்கத்தில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. சூடு ஏறினால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விசிறி குளிர்விக்கட்டும் என்று காத்திருப்பது. பனியுந்தில் பட்டை நின்றால் பனி தெறிக்காது. நின்றபடி ஓடும் எஞ்சின் இன்னும் சூடாகத்தான் செய்யும். ‘ரேடியேட்டர்’ என்று படித்தவருக்கு இது தோன்றாது.

‘வெப்பப் பரிமாற்றி’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இயலின் முதல் பத்தியில் ஒருமுறை அதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ‘தணிதகடு’ என்று எழுதலாம். தகடு என்றால் அது தட்டையானது என்பது தெரிகிறது. எது தணிகிறது என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

> ஐஸ் ஸ்கிராட்சருக்குப் ‘பனிச்சுரண்டி’.

சுரண்டி என்பது ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துத் தூர எறிவதற்கான கருவி. கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியை எடுக்கும் பிளாஸ்டிக் கருவியைப் பனிச்சுரண்டி என்றால் பொருந்தும். பனியுந்தில் இருப்பது வேறு. பட்டைக்கு உள்ளே, பிளாஸ்டிக் சட்டங்களைத் தாங்கும் தண்டவாளத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்திய இரண்டு கம்பிகள். சுருள்வில்லின் வால்போல வளைந்து, முனை பின்னோக்கித் தரையைத் தொட்டபடி இருக்கும். இறுகிய பாதையில் ஓடும்போது அந்த முனை மேற்பரப்பைக் கீறிக்கொண்டே வரும். கீறியதில் கிளம்பும் துகளைப் பட்டை அள்ளித் தணிதகட்டின் மேல் வீசும். அந்தத் துகள் பிளாஸ்டிக் சட்டங்களுக்கும் மசகாகிறது. அது இல்லாவிட்டால் சட்டம் உரசிச் சூடாகி உருகத் தொடங்கும். ஆக, இந்தக் கம்பி எதையும் அகற்றுவதற்காக இல்லை. இல்லாத பனியை உண்டாக்குவதற்காக இருக்கிறது.

இதற்கு ‘கீறுகம்பி’ என்று என் பரிந்துரை. உறைந்த ஏரியின் குறுக்கே இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துப் போவதைக் கவனித்தால் சொல் தானாகவே வரும். கம்பி இறக்கிய வண்டியின் பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் நேராக நீளும். இறக்காத வண்டி பளபளப்பான பரப்பில் எந்தத் தடமும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு எரியப்போவது அதில்தான்.

ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். கெட்டியான கம்பி வகையாக இருந்தால் பின்னோக்கி எடுக்குமுன் அதைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். மறந்தால் வளையும், முறியும். முறுக்குவடத்தில் செய்த வகை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

எல்லா வண்டிகளுக்கும் இந்த இயலைப் பொதுவாக்கிவிடவும் வேண்டாம். 1959-இல் கனடாவின் வால்கூர் ஊரிலிருந்து ஜோசஃப்-ஆர்மான் பொம்பார்டியே ‘ஸ்கீ-டூ’வை வெளியிட்டபோது அதில் காற்றால் குளிரும் சிறு எஞ்சின்தான் இருந்தது. தணிதகடு கிடையாது. இன்றும் விசிறியால் குளிரும் வண்டிகள் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் சூடு மிகுந்தால் விசிறியின் பெல்ட் அறுந்திருக்கிறதா, காற்று வழியைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வண்டிகளில் கீறுகம்பி பிளாஸ்டிக் சட்டங்களுக்காக மட்டுமே.

– – –

குழுவினருக்கு வணக்கம்.

நான் வண்டி ஓட்டியவன் அல்லன். இலக்கணம் மட்டும் பார்க்கிறவன். கீறுகம்பி, தணிதகடு இரண்டும் வினைத்தொகை. இடையில் வல்லினம் மிகாது, அப்படியே எழுதலாம். மிகைச்சூட்டில் மிகும், அதையும் சரியாகவே எழுதியிருக்கிறார்.

எனக்கு உறுத்துவது இரண்டு. முதலாவது, ‘மிகைச்சூடு’ என்ற பெயருக்கு வினை எங்கே? ‘எஞ்சின் மிகைச்சூடாகிறது’ என்று எழுதினால் பல்லில் கல் இடறுகிறது. ‘கொதிக்கிறது’ என்று எளிமையாகச் சொல்லலாமே.

இரண்டாவது, இந்தப் ‘பனி’. இவர் மடலிலேயே பாருங்கள்: பனி இருந்தால் தணியும் என்கிறார், ஏரி உறைந்து கிடந்தால் சூடாகும் என்கிறார். ஏரியின் மேல் இருப்பதையும் தமிழில் பனி என்றுதானே சொல்லுகிறோம்? புல்லின் மேல் விடியலில் இருப்பதும் பனிதான், கண்ணை மறைப்பதும் பனிதான். ‘பனியில் ஓட்டினால் சூடாகும், பனியில் ஓட்டினால் சூடாகாது’ என்று ஒரு கையேடு சொல்லுமானால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

– – –

ஐயா, வணக்கம்.

இரண்டாவது கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பட்டையால் அள்ள முடிந்ததா, முடியாததா என்பதுதான் பிரிவு. அள்ள முடிந்ததைப் ‘பொடிப்பனி’ எனலாம். பல வண்டிகள் ஓடி அழுத்தியதும், பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்ததும் ‘இறுகுபனி’. ஏரியின் மேல் இருப்பது ‘பனிப்பாளம்’. இயல் முழுக்க வெறும் ‘பனி’ என்ற சொல்லே வரக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. வண்டியின் பெயரில் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கொதித்தலை ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும்போது திரவம் கொதித்திருக்க வேண்டியதில்லை. கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த குளிர்திரவம் சுமார் −37 டிகிரி வரை உறையாது. கொதிநிலையும் தண்ணீரைவிடச் சற்று அதிகம். மூடிய அமைப்பின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்துகிறது. ‘கொதித்தால் நிறுத்தவும்’ என்று எழுதினால், ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஆவி வரும்போது காலம் கடந்திருக்கும்.

வினைக்கு நம்மிடமே ஒன்று இருக்கிறதே: மிஞ்சுதல். ‘சூடு மிஞ்சுகிறது’, ‘சூடு மிஞ்சிவிட்டது’. பெயராக வரும்போது மிகைச்சூடு, வினையாக வரும்போது சூடு மிஞ்சுதல். சரிதானா?

– – –

சூடு மிஞ்சுதல் நன்று. இறுகுபனியும் நன்று. பொன்னாடை வேண்டாம்.

– – –

அனைவருக்கும் நன்றி. எச்சரிக்கைப் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

“இறுகுபனியிலும் பனிப்பாளத்திலும் ஓட்டுமுன் கீறுகம்பிகளை இறக்கவும். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். விசையைக் குறைத்து, பாதையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் பொடிப்பனி இருந்தால் அதன் மேல் ஓட்டவும். விளக்கு அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்தவும். நின்ற இடத்தில் ஓடவிட வேண்டாம். குளிர்திரவ மூடியைத் திறக்க வேண்டாம். சூடான எஞ்சினின் மேல் பொடிப்பனியை அள்ளிப் போட வேண்டாம்.”

இரண்டு ஐயங்கள். பட்டைக்கூட்டின் மேல் பொடிப்பனியைக் குவித்துத் தணிப்பதைச் சிலர் செய்கிறார்களே, அதைச் சேர்க்கலாமா? பின்னால் தொங்கும் ஸ்னோ ஃபிளாப்புக்கு என்ன சொல்?

– – –

கூட்டின் மேல் குவிப்பது நல்ல உபாயம்தான். தணிதகடு கூட்டிலேயே பதிந்திருப்பதால் சூடு மெல்ல இறங்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு செய்யச் சொல்லுங்கள். எஞ்சினின் மேல் போடக் கூடாது என்று சொன்ன வரிக்கு அடுத்த வரியிலேயே வைக்காதீர்கள், இரண்டையும் கலந்துகொள்வார்கள்.

பின்னால் தொங்குவதற்குப் ‘பின்மடல்’ போதும். நாம் எழுதிக்கொண்டிருப்பதும் மடல்தான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அழகுக்காக அதை வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னோக்கிப் பறக்கும் துகளைத் தடுத்துத் தணிதகட்டின் பக்கம் திருப்பிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு. காரணம் தெரியாமல் சூடு மிஞ்சுகிற வண்டியில் முதலில் பின்மடலின் நீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால், குளிர்திரவத்தின் அளவையும், அண்மையில் திரவம் மாற்றியிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். காற்றடைப்பை வெளியேற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும்; சிலவற்றில் முன்பக்கத்தை உயர்த்த வேண்டும், சிலவற்றில் பின்பக்கத்தை. அதற்கு உங்கள் கையேட்டில் பொதுவான வரி எதுவும் வேண்டாம். ‘காற்றடைப்பு’ என்ற சொல்லைக் கொடுத்து, அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.