இலையில் இடது பாதியைத் தொடவே மாட்டேங்கிறார்: கண்ணா, மூளையா?

காங்கயத்துப் பேரன்:
அப்புச்சிக்குப் போன மாசம் வலது மூளைல ரத்தக்குழாய் அடைப்புங்க. இப்பப் புடிச்சுட்டு நடக்கறார், பேச்சும் தெளிவு. ஆனா இலை போட்டா நுனிப்பக்கம் வெச்ச உப்பு, பொரியல் அப்படியே கெடக்குது. இலையைத் திருப்பி வெச்சா அதையும் சாப்பிட்டர்றார். கண் டாக்டர் கண்ணு நல்லாருக்குதுங்கறார். என்னங்க பண்றது?

நொய்யல்கரை:
இது இடப்பக்கப் புறக்கணிப்பு மாதிரி இருக்குதுங்க, அதாவது கண்ணு தெரிஞ்சாலும் மூளை இடப்பக்கத்தைக் கவனிக்காம விட்டர்றது. வலது பரைட்டல் லோப் (மூளையோட மேல் பின்பகுதி) அடிபட்டா அடிக்கடி வரும். இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுந்தான் கவனிக்கும். வலது மூளை ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கும். அது போனா இடப்பக்கத்துக்கு ஆளில்லை.

தாள்ல 20 செ.மீ. கோடு போட்டு, நேர் எதிர்ல வெச்சு, நடுவுல புள்ளி வைக்கச் சொல்லுங்க. நல்லா வலப்பக்கம் தள்ளி வெச்சார்னா சந்தேகம் பலமாகுது. கண் டாக்டர் எழுத்துப் பலகையோட விட்டாரா, பெரிமெட்ரியும் (ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் பார்வை தெரியுதுன்னு அளக்கற சோதனை) பாத்தாரான்னு கேளுங்க. பாதிப் பார்வை போனவங்க பெரும்பாலும் அது தெரிஞ்சு தலையைத் திருப்பிப் பாப்பாங்க. புறக்கணிப்புல குறை இருக்கறதே உறைக்காது. ரெண்டும் சேந்தும் வரலாம்.

பவானி தெரபி:
இலையை நீங்க திருப்பாதீங்க! தேடிப் போற வேலையை அவர் மூளையே செஞ்சாத்தான் புதுப் பழக்கம் பதியும். இடது ஓரத்துல செவப்புத் துணி ஒண்ணு வைங்க. "செவப்பு தெரியற வரைக்கும் திரும்புங்க அப்புச்சி"ன்னு சொல்லி, அதைத் தொட்ட பொறவு சாப்பிடட்டும். பேப்பர் படிக்கறப்பவும் இதே. தேடறதுக்கு முன்னால இடது விரலை மேசைமேல அசைக்கச் சொல்லுங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் போதும். 20 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, சலிச்சா நிறுத்திருங்க.

பலபேர் பயிற்சின்னு எல்லாத்தையும் இடப்பக்கம் வெச்சர்றாங்க. ராத்திரி தண்ணி, கூப்பிடற மணி வலப்பக்கந்தான் இருக்கோணும். இடது கை சக்கர நாற்காலில சிக்கும், சுடு டம்ளர்ல படும், அவருக்குத் தெரியாது. டிவிஎஸ் சாவியை எடுத்து வெச்சருங்க. கட்டுச்சுவர் இல்லாத கெணத்துப் பக்கம் தனியா உடாதீங்க.

நொய்யல்கரை:
பட்டகக் கண்ணாடிப் பயிற்சியும் இருக்குதுங்க. 1998-ல ரோசெட்டி குழு வெளியிட்டது. காட்சியை 10 டிகிரி வலப்பக்கம் நகத்தற கண்ணாடியப் போட்டுட்டு 50 தடவை குறியை விரலால சுட்டோணும். கழட்டுனதும் கை இடப்பக்கம் சாயும், சிலருக்குக் கவனமும் கூடவே போகும். எல்லாருக்கும் பலிக்கறதில்லை, தெரபிஸ்ட் இல்லாம வேண்டாம். தேறிட்டு வர்றப்பத் திடீர்னு கூடுச்சுன்னா பயிற்சில குறைன்னு நெனைக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. புது அடைப்பா இருக்கலாம், மூத்திரத் தொற்றாக்கூட இருக்கலாம்.