குதிரைக்குக் கூரான பல்லை அரத்தால தேய்க்கத் தெரிஞ்ச டாக்டர் வேணும் (ஈரோடு பக்கம்)

வணக்கங்க. அந்தியூர் ஆடிச் சந்தையில வாங்குன பெண் குதிரை, வயசு 14 இருக்கும். பத்து நாளா புல்லைப் பாதி மென்னு உருண்டையா கீழ போடுது. கொள்ளு அப்படியே முழுசா லத்தியில வருது. கன்னத்தைத் தொட்டாலே தலையை உதறுது. மேல் கடைவாய்ப் பல்லோட வெளி ஓரம் கூராகி உள்கன்னத்தைக் கிழிக்குதுன்னு நினைக்கிறேன். குதிரைப் பல்லு தேயத் தேய வெளிய வந்துட்டே இருக்கும். வருசம் ஒருதரம் பார்க்காம விட்டது என் தப்புதான்.

எங்க ஊர் டாக்டர் மாட்டுக்குக் கைராசிக்காரர். ஆனா வாயைத் திறந்து பிடிக்கிற கருவியும் நீள அரமும் அவர்கிட்ட இல்லைங்க. நின்னபடியே மயக்க ஊசி போட்டுத் தேய்க்கறவங்க கோபி, பவானி பக்கம் யாராச்சும் இருக்காங்களா? இல்ல, நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கே வண்டியில ஏத்திட்டுப் போகட்டுமா? கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க. இப்போதைக்குத் தவிட்டை ஊறவெச்சுக் கூழாத்தான் குடுக்கறேன்.