எடின்பரோவில் கொலைக்கதை கேட்டுக்கொண்டே ராத்திரி நடப்பது சரியா?

கரிசல்காட்டான்:
மகள் வீட்டுக்கு ஸ்காட்லாந்து வந்த இடத்தில், எடின்பரோவில் ராத்திரி நடத்தும் ‘இருண்ட வரலாறு’ டூர் ஒன்றுக்குப் போனேன். பழைய ஊரின் பெரிய தெருவான ராயல் மைலில் ஆரம்பித்து, சந்து சந்தாகப் புகுந்து, கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். கைடுக்குக் கறுப்புக் கோட்டு, கையில் லாந்தர், நாடகக் குரல். சரி, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

பிடிக்காமல் போனது பர்க் - ஹேர் கதையைச் சொன்ன விதம். தெரியாதவர்களுக்காக: 1827 கடைசியில், வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேர் நடத்திய மலிவு விடுதியில் ஒரு கிழவர் வாடகை பாக்கியோடு நோயில் செத்துப்போனார். பாக்கியை எடுக்க ஹேரும் கூட்டாளி பர்க்கும் பிணத்தை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ருசி கண்டதும் 1828-இல் 16 பேரைக் கொன்று அங்கேயே விற்றார்கள். குடிக்க ஊற்றிக் கொடுத்து, ஆள் சாய்ந்ததும் மூக்கையும் வாயையும் பொத்திவிடுவார்கள். உடம்பில் காயம் இருக்காது.

எங்கள் கைடு கூட்டத்திலிருந்து ஒரு பையனை இழுத்து நிறுத்தி, பொத்துவது எப்படி என்று செய்து காட்டினார். கைதட்டல். கொல்லப்பட்டவர்களில் ஜேம்ஸ் வில்சன் என்று 18 வயதுப் பையன் ஒருவன் உண்டு. கொஞ்சம் மனவளர்ச்சி குறைந்தவன், வெறுங்காலோடு தெருவில் திரிந்து விடுகதை போடுவான், ஊருக்கே தெரிந்த முகம். அவன் காணாமல் போனதும் அம்மா தேடி அலைந்திருக்கிறாள். அவனுக்கும் ஒரு ஜோக், அவன் நடையைப் பழித்துக் காட்டி. சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று இப்படிச் சிரிப்போமா? இங்கே காசு கொடுத்துச் சிரிக்கிறோம்.

லீத்_மதி:
கரிசல் அண்ணா, நான் இந்த ஊரில் படித்துக்கொண்டே வார இறுதியில் இதே வேலைதான் பார்க்கிறேன். மாற்றுத்திறனாளிப் பையனின் நடையைப் பழிப்பது அசிங்கம், அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் டூரே தப்பு என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

நவம்பர் மழையில், முகத்தில் அறையும் காற்றில், பாதிப் பேர் நேராக பப்பிலிருந்து வந்து நிற்கும் கூட்டத்தை ஒன்றரை மணி நேரம் கட்டி வைத்துப் பாருங்கள். பாடம் நடத்த ஆரம்பித்தால் முதல் சந்திலேயே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். இலவச டூர் என்றால் என் கூலியே கடைசியில் நீட்டுகிற டிப்ஸ்தான். சிரிக்க வைத்தால்தான் அடுத்த பத்து நிமிஷம் காது கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஜேம்ஸ் வில்சன் என்ற பெயரே அவர்கள் காதில் விழுகிறது. நீங்களும் அங்கே போய்த்தானே தெரிந்துகொண்டீர்கள்?

அப்புறம், இது நாங்கள் கண்டுபிடித்த வியாபாரமும் இல்லை. 1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட்டில் பர்க்கைத் தூக்கிலிட்டபோது, பார்க்க வசதியான ஜன்னல்களை 5 முதல் 20 ஷில்லிங் வரை வாடகைக்கு விட்டார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் தோலில் செய்த சின்னக் கைப்புத்தகம் சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால். அங்கே போனால் கல்விச் சுற்றுலா, லாந்தர் பிடித்தால் மட்டும் கேவலமா?

பக்கோடா:
நான் போனது பேய் பார்க்க. பேய் வரவில்லை, சளிதான் பிடித்தது. வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு லைப்ரரி இருக்கிறதே ஐயா.

வாத்தியார்_67:
சிரிப்பைக்கூட மன்னித்துவிடலாம். கதை விடுகிறார்களே, அதை என்ன செய்வது?

மேரி கிங்ஸ் குளோஸ் என்ற பழைய சந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1645 கொள்ளைநோயில் நோயாளிகளை உள்ளே வைத்துச் சந்தின் இரு முனையிலும் சுவர் எழுப்பிச் சாகவிட்டார்கள் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அப்படி நடக்கவே இல்லை. நோய் கண்ட வீடுகளை அடைத்தார்கள், நகர சபை உணவும் எரிபொருளும் கொடுத்தது, பலரை ஊருக்கு வெளியே பரோ மியூர் என்ற வெட்டவெளியில் போட்ட குடிசைகளுக்கு மாற்றியது. ஜார்ஜ் ரே என்ற மருத்துவர் தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கட்டிகளைக் கீறிச் சுட்டிருக்கிறார். பிழைக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் பெரிய சம்பளம் பேசிய நகர சபை, அவர் பிழைத்து வந்து கேட்டபோது இழுத்தடித்தது. எவ்வளவு ருசியான கதை! இதை விட்டுவிட்டு, இல்லாத சுவரைக் கட்டுகிறார்கள்.

அதே சந்தில் 1992-இல் ஜப்பானிலிருந்து வந்த ஆவி பேசுகிற அம்மையார் ஒருவர், ஆன்னி என்ற சிறுமியின் ஆவியை உணர்ந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த அறையில் பொம்மைகள் குவிகின்றன.

சவுத் பிரிட்ஜ் பாலத்தின் அடியறைகளில் பர்க்கும் ஹேரும் ஆள் பிடித்தார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. காசில்ஹில்லில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்பதும் பெரும்பாலும் தப்பு. கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகுதான் எரிப்பது வழக்கம்.

லீத்_மதி:
சுவர் கதையை நான் சொல்வதில்லை ஐயா. அடியறைக் கதையும் இல்லை. ஆனால் பக்கத்துக் கைடு சொல்கிறார், அவருக்கு டிப்ஸ் கூட விழுகிறது.

நெரித்துவிட்டு எரித்தார்கள் என்று திருத்திச் சொன்னால் கூட்டம் ‘ஓ, அப்படியா’ என்று ஆறுதலாகிவிடுகிறது. அதனால் நான் வேறு வழியாகப் போவேன். சூனியச் சட்டம் 1563 முதல் 1736 வரை இருந்தது. ஸ்காட்லாந்து முழுக்கக் கிட்டத்தட்ட 4,000 பேர்மேல் குற்றச்சாட்டு, சுமார் 2,500 பேருக்கு மரணம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. பெரும்பாலும் பெண்கள். கோட்டை முகப்புக்குப் பக்கத்தில் 1894-இல் வைத்த சிறு நீரூற்று ஒன்று இருக்கிறது. அதன் பலகையில், சிலர் தங்கள் அறிவைத் தீய காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று இன்னும் எழுதியிருக்கிறது. கூட்டத்தை அதன் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். 2022 மார்ச் 8 அன்று அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதை அடுத்துச் சொல்வேன். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. செலவு இரண்டு நிமிஷம். டூர் என்ற வடிவத்துக்குள்ளேயே இதைச் செய்ய முடிகிறது என்கிறேன்.

கரிசல்காட்டான்:
மதி, நீ நன்றாகச் செய்கிறாய் என்பது உன் பெருமை, டூருக்கு அதில் பங்கில்லை. என் கேள்வி வேறு: கதையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

எங்கள் டூரில் கொன்றவன் இருந்தான், செத்தவர்கள் கேலியாக இருந்தார்கள். வாங்கியவர்? நாக்ஸ் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. 16 பிணமும் புத்தம்புதிதாக வந்து இறங்கியபோது ‘எங்கிருந்து கிடைத்தது’ என்று உருப்படியாகக் கேட்காதவர் மேல் வழக்கே இல்லை. ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்தான். பர்க் ஒருவன்தான் தொங்கினான். அப்புறம் 1832-இல் உடற்கூறுச் சட்டம் வந்தது, ஏழைகளை வேலை வாங்கி வைத்திருந்த விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் யாரும் கேட்டு வராத ஏழைப் பிணங்களை மருத்துவர்களுக்குக் கொடுக்கலாம் என்று. அதாவது, திருட்டுத்தனமாக ஏழை உடம்பு போய்க்கொண்டிருந்தது, பிறகு சட்டப்படியே போனது. இதைவிட இருண்ட வரலாறு என்ன வேண்டும்? எங்கள் கைடு வாய் திறக்கவில்லை.

ஆன், ஜேம்ஸ் கிரே என்ற தம்பதியும் இல்லை. அன்றாடங்காய்ச்சிகள், பர்க் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள். கடைசியாகக் கொல்லப்பட்ட மார்கரெட் டாக்கர்ட்டியின் பிணத்தை வைக்கோலுக்கு அடியில் பார்த்தவர்கள் அவர்கள்தான். வெளியே சொல்லாமலிருந்தால் வாரம் 10 பவுண்டு என்று பர்க்கின் துணைவி ஆசை காட்டினாள். ஒரு பிணத்துக்கு நாக்ஸ் கொடுத்த உச்ச விலையே ஏறக்குறைய அவ்வளவுதான்! வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போனார்கள். கதையில் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய மனிதர்கள் இரண்டே பேர், அவர்களையும் வெட்டிவிட்டார்கள்.

மட்டுநகரான்:
கரிசல் அண்ணை சொல்லுறது சரி, ஆனால் நீங்களும் பாதியில நிற்கிறீங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின்ர உடற்கூறு அருங்காட்சியகத்தில் பர்க்கின் எலும்பு மட்டும் இருக்கவில்லை. எங்கட இலங்கைத் தீவின் ஆதிக்குடிகளான வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளும் அங்கதான் இருந்தது. 2019 நவம்பரில்தான் வேடர் தலைவரை அழைத்துக் கையளித்தவை. எங்கட வாகரைப் பக்கம் தமிழ் பேசுற கரையோர வேடர் இன்றைக்கும் இருக்கினம். அந்தத் தலைகள் எப்படிக் கப்பல் ஏறினது, யார் அனுப்பினது, எந்த டூரில் சொல்லுகினம்? பேயடிச்ச கல்லறை எண்டால் தினமும் கூட்டம்.

பர்க் செய்தது குற்றம், தூக்கு. கடல் தாண்டி எடுத்தது ‘சேகரிப்பு’, கண்ணாடி அலுமாரி.

பக்கோடா:
இதை டூரில் சொன்னால் நானே இன்னொரு தடவை போவேன்.

லீத்_மதி:
மட்டுநகர் அண்ணா, ராத்திரி டூரில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஊரில் இல்லாமல் இல்லை. செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் ஹென்றி டன்டாஸ் என்ற அந்தக் கால அரசியல்வாதிக்கு வானளாவிய தூண் இருக்கிறது. அடிமை வணிக ஒழிப்பைத் தள்ளிப்போட அவர் செய்ததைச் சொல்லும் பலகை அதன் அடியில் 2021-இல் வந்தது, அதற்கே ஏகப்பட்ட சண்டை. அடிமைக் காசு கட்டிய ஊரைக் காட்டும் பகல் நேர நடைப்பயணங்களும் நடக்கின்றன. கூட்டம் குறைவு, அவ்வளவுதான்.

கரிசல் அண்ணா, கிரே தம்பதியைச் சேர்க்கச் சொல்வது நியாயம். நாக்ஸையும். ஆனால் செத்தவர்களின் நினைவுக்காகச் சிரிப்பே கூடாது என்றால், அந்தக் கதை மறுபடி புத்தக அலமாரிக்குத்தான் போகும்.

கரிசல்காட்டான்:
சிரிப்பே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? சம்பளம் தராமல் இழுத்தடித்த நகர சபையைப் பார்த்துச் சிரிக்கட்டும், நானும் சிரிப்பேன். நாக்ஸைப் பார்த்துச் சிரிக்கட்டும். செருப்பில்லாத பையனைப் பார்த்து வேண்டாம்.

வாத்தியார்_67:
இதில் கரிசல் பக்கம்தான் நான். கூடவே, கிரேஃப்ரையர்ஸில் பேய் அறைக்குக் கூட்டிப்போகிறவர்கள் 1679-ஐயும் சொல்லட்டும். பாத்வெல் பாலச் சண்டையில் பிடிபட்ட கவனன்டர்கள் (சர்ச்சில் அரசர் தலையிடுவதை எதிர்த்த ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவர்கள்) சுமார் 1,200 பேரைத் தோட்டத்துக்குப் பக்கத்து மைதானத்தில் மாதக்கணக்கில் திறந்தவெளியில் வைத்திருந்தார்கள். மிஞ்சியவர்களில் 257 பேரைக் கப்பலேற்றினார்கள், ஆர்க்னி அருகே கப்பல் உடைந்து பெரும்பாலோர் மூழ்கினார்கள். யாரோ ஒருவர் தோளைப் பிராண்டிய ஆவியைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், இதற்கு அரை நிமிஷம்.

சேலத்து_நிலா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் ஒன்பது வயதுப் பையனோடு எடின்பரோ வருகிறோம். போகலாமா, வேண்டாமா?

லீத்_மதி:
ராத்திரி டூர் வேண்டாம் அக்கா. பலவற்றில் வயது வரம்பும் உண்டு, பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கிரேஃப்ரையர்ஸுக்குப் பகலில் சும்மாவே போகலாம். கல் பாவிய தெரு ஈரத்தில் வழுக்கும், நல்ல ஷூ போட்டுவிடுங்கள்.

கரிசல்காட்டான்:
பகல் டூரில் சேர்ந்தால், நாக்ஸுக்கு என்ன தண்டனை என்று பையனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள் அம்மா. கைடு என்ன பதில் சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

பக்கோடா:
மதியாக இருந்தால் டிப்ஸைக் கூட்டிக் கொடுங்கள்.