சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை: எதற்கெல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்?

கேள்வி (தஞ்சை ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 54. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளன. சென்ற மாதம் வயிற்று உப்புசத்துக்காக எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. பின்னர் நரம்பில் மருந்து செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில் அதன் அளவு 3.4 சென்டிமீட்டர் என்றும், புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு நல்ல திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைக்கலாம் என்கிறார் மருத்துவர். என் மாமியாரோ, புற்று என்று தெரிந்த பிறகும் மிச்சம் வைப்பானேன், இன்னொரு சிறுநீரகம்தான் இருக்கிறதே என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாரேனும் இருந்தால், அந்த நாட்கள் எப்படி இருந்தன, எத்தனை வாரம் விடுப்பு எடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (மதுரை, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

அம்மா, எனக்கு 2021ஆம் ஆண்டு வலது சிறுநீரகத்தில் இதே அறுவை சிகிச்சை நடந்தது. உங்கள் மாமியார் கேட்ட கேள்வியைத்தான் என் தமையனாரும் கேட்டார். நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியை முழுமையாக எடுத்துவிட முடிந்தால், புற்றுநோயைப் பொறுத்தவரை முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் பலனே பகுதியை எடுத்தவர்களுக்கும் கிடைக்கிறது என்று என் மருத்துவர் விளக்கினார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இரண்டு சிறுநீரகங்களையுமே மெல்ல மெல்லத் தேய்க்கக்கூடியவை என்பதால், இன்னொன்று இருக்கிறது என்று உங்கள் கணவர் போன்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மிச்சம் வைப்பதே அவருக்கான பாதுகாப்பு என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

எனக்குத் திறந்த முறையில், விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறிச் செய்தார்கள். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைக் கவ்வி போட்டு நிறுத்தி, கட்டியை வெட்டியெடுத்து, உள்ளே தைத்து, மறுபடி இரத்த ஓட்டத்தைத் திறந்துவிடுவார்கள். இரத்தம் நின்றிருக்கும் நேரம் கூடக் கூட மீதிச் சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்பதால், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடவே முயல்வார்களாம். உள்ளே திறந்து பார்த்தபின் முழுவதையும் எடுக்க நேரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும் நாளில் அதை முதன்முறையாகப் படித்து நான் கலங்கிப்போனேன். நீங்கள் முன்கூட்டியே அதைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாட்களில் வெட்டுக்காயத்தைவிட மூச்சு இழுப்பதுதான் கடினமாக இருந்தது. இருமினால் வலிக்கிறதே என்று இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும். ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்து ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தந்து அடிக்கடி இழுக்கச் சொன்னார்கள். மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கி நடக்கவைத்தார்கள். சிறுநீர்க் குழாயை மூன்றாம் நாளும், பக்கவாட்டில் இருந்த வடிகுழாயை ஐந்தாம் நாளும் எடுத்தபின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்த வேளையில், பன்னிரண்டாம் நாள் காலை என் சிறுநீர் திடீரென்று சிவப்பாக, கட்டிகட்டியாக இரத்தத்துடன் வந்தது. சிறிது நேரத்தில் தலை சுற்றியது. வெட்டிய இடத்தில் உள்ள இரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகிப் புடைத்து, பிறகு வெடித்துக் கசிவது இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய ஒரு சிக்கல். பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் வருவது. நல்லவேளையாக மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. தொடைத் தமனி வழியாக ஆஞ்சியோ செய்து, கசியும் குழாயை மட்டும் அடைத்தார்கள். இது சிலருக்கு மட்டுமே வரும். ஆனாலும் முதல் ஒரு மாதம், இரவிலும் அவசரச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று கிராமத்துக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டாம்.

பதில் 2 (சென்னை, சிறுநீரக அறுவை வார்டில் பணியாற்றும் செவிலியர்)

சகோதரி, ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் கணவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதைக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

வீட்டுக்கு வந்தபின் வலி என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். எத்தனையோ பாடுபட்டு மிச்சம் வைத்ததை ஒரு வலி மாத்திரை கெடுப்பதை வார்டில் நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்த மருந்து போதவில்லை என்றால் வார்டுக்கே தொலைபேசியில் கேளுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வீங்கி வலிப்பது, வடிகுழாய் எடுத்த இடம் விடாமல் நனைந்துகொண்டே இருப்பது ஆகியவை சிறுநீர் உள்ளே கசிவதன் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் சிறுநீர் இறங்கும் பாதையில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தால் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆறு வாரங்களுக்குக் குடம், எரிவாயு உருளை போன்ற கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. நடக்கத் தடையில்லை, நடப்பது நல்லது.

தஞ்சை ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயாவின் பதிலை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். பல நாட்களுக்குப் பிறகு அவரே சில கேள்விகள் கேட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையில் அவருடைய கிரியேட்டினின் 1.3 இருக்கிறது. அறுவைக்குப் பின் அது ஏறுமா? ரோபோ முறையில் செய்தால் நல்லது என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். செலவு எங்கள் கைக்கு மீறியதாக உள்ளது. திறந்த முறையை ஏற்றுக்கொண்டால் அவருக்குக் குறைவைத்ததாகிவிடுமா?

பதில் 2-இன் தொடர்ச்சி (செவிலியர்)

ஆகாது, சகோதரி. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் தழும்பு சிறிது, வலி குறைவு, வீடு திரும்பும் நாளும் விரைவில் வரும். ஆயினும் கட்டியை முழுமையாக எடுப்பதும் மீதியைக் காப்பதும் மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தவை. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவையைச் செய்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். அனுபவமுள்ளவர் தயங்காமல் பதில் சொல்வார். அரசு மருத்துவமனை அல்லது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், அங்குள்ள திட்ட அலுவலரிடம் இந்த அறுவைக்கு இடமுண்டா என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரியேட்டினின் முதல் சில நாட்களில் சற்று ஏறுவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது பிறகு இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். பழைய அளவுக்கே திரும்பும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது.

பதில் 3 (திருச்சி, மகள்)

அக்கா, என் அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை நடந்தது. வெட்டியெடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் பட்ட பாடு அறுவை நாளைவிடப் பெரியது. அது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அம்மாவின் கட்டி ஆன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற வகை என்று வந்தது. சிறிய கட்டிகளில் ஐந்தில் ஒன்று போல இப்படித் தீங்கற்றதாக அமையும் என்று மருத்துவர் சொன்னார். அதை நம்பியிருங்கள் என்று சொல்லவில்லை. புற்று என்றே வந்தாலும், அறிக்கையில் வெட்டு விளிம்பில் கட்டியின் உயிரணுக்கள் இல்லை என்று எழுதியிருக்கிறதா, கட்டியின் வீரியத்தைக் காட்டும் தரம் (கிரேடு) எத்தனை, கட்டி சிறுநீரகத்துக்கு வெளியே பரவியிருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஸ்கேன் எப்போது என்பது அவற்றைப் பொறுத்தே அமையும்.

விடுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா தையல் வேலை செய்பவர். ஆறாம் வாரம் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார். விலாப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வும் ஒரு சிறு புடைப்பும் பல மாதங்கள் இருந்தன. கட்டி மறுபடி வந்துவிட்டது என்று அம்மா அழுதார். தசைக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டதால் வந்த தளர்ச்சி அது என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே அன்றிரவு தூங்கினார். திறந்த முறையில் செய்தால் உங்கள் கணவருக்கும் அப்படி வரக்கூடும் என்று இப்போதே சொல்லி வையுங்கள், அக்கா.