மலை இறங்கும் ரயிலை மின்காந்தம் நிறுத்துமா?

நானுஓயாக்காரன்:
இலங்கை மலைநாட்டில் ஓடும் பதுளை ரயில் லைனை வைத்து ஒரு விஞ்ஞானக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டிப்பொலையிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும் ரயிலுக்கு பிரேக் போய்விடுகிறது. மின்காந்த சக்தி உள்ள ஒரு பொடியன் எதிர்மலையில் நின்றபடியே கையை நீட்டி அதை நிறுத்துகிறான். நம்புகிற மாதிரி இருக்கிறதா?

ஃபெக்டரி அண்ணன்:
இல்லை தம்பி. காந்தம் என்று பெயர் வைத்துவிட்டு மந்திரம் எழுதுகிறீர்கள். காந்தத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் அதன் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டரில் இருக்கும் புலம் 500 மீட்டரில் 12.5 கோடியில் ஒரு பங்குதான். எங்கள் ஃபெக்டரியில் தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்கும் மெஷினைப் பாருங்கள். உரசி மின்னேறிய ரோலர் தூளுக்கு மேலே ஒட்டினாற்போல ஓடும்போதுதான் நார் துள்ளிப்போய் ஒட்டும். ரோலரை உயர்த்திவிட்டால் ஒன்றும் ஏறாது. அப்புறம், அவன் ரயிலை இழுத்தால் ரயிலும் அவனை அதே பலத்தோடு இழுக்கும். பொடியன் பள்ளத்தாக்கில் கிடப்பான்.

லயத்து விஞ்ஞானி:
அண்ணே, தூரம் சரி. ஆனால் ரயிலை மின்காந்தத்தால் அடக்குவதே மந்திரம் என்றால் ஒப்பமாட்டேன். ஜெர்மனியின் ஐசிஈ 3 ரயிலில் அப்படி ஒரு பிரேக் உண்டு. தண்டவாளத்தைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலே மின்காந்தம் ஓடும். தண்டவாளத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து வேகத்தை எதிர்க்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய காந்தத்தை, சாய்த்து வைத்த கனமான அலுமினியத் தகட்டில் விட்டுப் பாருங்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் அட்டை ஊர்வது போலத்தான் இறங்கும். நான் விட்டுப் பார்த்தேன். பொடியனை ரயிலுக்குள் ஏற்றிவிட்டால் போதும்.

ஃபெக்டரி அண்ணன்:
உங்கள் அட்டை நடுவில் எங்காவது நின்றதா?

லயத்து விஞ்ஞானி:
நிற்கவில்லை.

ஃபெக்டரி அண்ணன்:
அதைத்தான் கேட்டேன். அசைவு இருந்தால்தான் அந்த எதிர்ப்பு. நம் லைனில் 44 அடிக்கு ஓரடி சரிவு இருக்கிறது. அங்கே ரயில் மெதுவாகும், நிற்காது.

நானுஓயாக்காரன்:
சரி, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எதிர்மலையை வெட்டிவிடுகிறேன். பொடியன் ரயிலுக்குள் கை சோர்ந்து போய்ப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். நடை வேகத்துக்கு வந்ததும் கார்ட் குதித்து, கூடவே ஓடி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கட்டும்.

ஃபெக்டரி அண்ணன்:
ஒரு கட்டை போதாது தம்பி. இது பஸ் இல்லை.