ஷட்டர் திறந்த நாட்கள்: ஏரிக்கரையில், ஆற்றங்கரையில், மலையில் பார்த்தவை

மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற பொறியாளர்

செம்பரம்பாக்கம் ஏரியில் 24 அடி வரை தேக்கலாமே, 22 அடியிலேயே ஏன் திறக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் கேட்பார்கள். சென்னைக் குடிநீர் ஏரிகளில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏரியின் மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் மேலே இருக்கும் 2 அடிக்குச் சுமார் 500 மில்லியன் கன அடி பிடிக்கும். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் விநாடிக்கு 10,000 கன அடி நீர்வரத்து இருந்தால் 14 மணி நேரத்தில் அந்த இடம் தீர்ந்துவிடும். கரையோ மண் கரை. தண்ணீர் அதன் மேல் ஏறி வழிந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். அந்த 2 அடியை மழைக்கென்று காலியாக வைத்திருப்பது அதனால்தான்.

சரி, முன்கூட்டியே நிறையத் திறந்துவிட்டால் என்ன? விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தாலும் 86.4 மில்லியன் கன அடிதான் வெளியேறும். ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) இறக்கப் பதினொன்றரை நாள் ஆகும். புயல் எங்கே கரை கடக்கும் என்பது அவ்வளவு முன்னால் யாருக்கும் தெரியாது. அப்புறம், இது குடிநீர் ஏரி. 2019 ஜூனில் இதே ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தோம். திறந்துவிட்ட பிறகு மழை பொய்த்தால் கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நிற்பது நாம்தான். கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கு இந்த இரண்டு பயமும் ஒரே நேரத்தில் இருக்கும்.

வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. நீர்வரத்தை யாரும் நேராக அளப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறியது, மதகில் எவ்வளவு போனது, இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம். புயல் காற்றில் அலை அடிக்கும்போது அளவுகோலில் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் ஓர் அங்குலம் தப்பாகப் படித்தாலும் கணக்கில் ஆயிரக்கணக்கான கன அடி மாறிவிடும். எங்களோடு இருந்த ஒரு லஸ்கர் (ஏரியையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்), அலை மேலே வரும்போது ஒன்று, கீழே போகும்போது ஒன்று என்று பல முறை பார்த்து நடு அளவைத்தான் சொல்வார். மழைக்கோட்டு இருந்தும் தொப்பலாக நனைந்துகொண்டு, இருட்டில் டார்ச் அடித்து அவர் படித்த எண்ணை நம்பித்தான் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தகவல் போகும். இந்த வேலைக்குப் போதுமான ஆட்கள் வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்து, அடையாற்றங்கரை மூழ்கியது பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்திருந்தது. நிலம் அதற்கு மேல் உறிஞ்சாது. மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் வழிவது செம்பரம்பாக்கத்துக்குத்தான் வரும். அப்படிப்பட்ட ஆண்டில் அடுத்த மழைக்கு முன் ஏரியை இன்னும் கீழே இறக்கி வைத்திருக்க வேண்டும். 29,000 கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் அது 2.5 டி.எம்.சி., ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் அந்த நீர் வெளியேற்றத்தைக் குறை கூறியது.

கோட்டூர்புரம்

சார் சொன்னது புரிகிறது. அடையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். அன்று இரவு எத்தனை கன அடி என்று தெரிந்திருந்தாலும் எங்களுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. தெருவில் கணுக்கால் வரை வருமா, ஜன்னல் வரை வருமா என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்துக்கொண்டே மாமியாரைத் தூக்கிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போனோம். கரண்ட் இல்லை, போன் இல்லை.

2020ல் நிவர் புயலின்போது நிலைமை வேறு. நவம்பர் 25 அன்று நண்பகலில் 22 அடியிலேயே 1,000 கன அடி திறந்தார்கள். இரவுக்குள் படிப்படியாக 9,000 வரை ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் செய்தி வந்தது. மாமியாரின் மருந்து, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் வெளிச்சத்திலேயே மேலே ஏற்றினோம். பகலில் திறக்க ஆரம்பித்ததே பெரிய உதவி.

முடிச்சூர்

ஒரு திருத்தம். எங்கள் ஊர் மூழ்கினாலும் டிவியில் செம்பரம்பாக்கம்தான் காரணம் என்கிறார்கள். அந்த உபரி நீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. நாங்கள் அதற்கு மேலே இருக்கிறோம். எங்களுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீர். அங்கே பெரிய மதகும் கிடையாது, திறக்கப்போகிறோம் என்று சொல்ல ஆளும் கிடையாது. செம்பரம்பாக்கத்தை முழுக்க மூடினாலும் அடையாற்றில் வெள்ளம் வரும் என்பதைச் சைதாப்பேட்டைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

போரூர், முன்பு குந்தா நீர்மின் திட்டத்தில்

மலை அணைகளில் திறப்பதை முடிவு செய்யக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள் எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டியவை. அங்கே ஒவ்வொரு அடியும் கோடையில் ஓடப்போகும் மின்சாரம். அதனால் தென்மேற்குப் பருவமழையில் நிரப்பிக்கொள்ளவே எல்லோரும் விரும்புவார்கள். ஆகஸ்ட் மாதம் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கும்போது பெருமழை வந்தால்தான் சோதனை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை முழுவதிலும் வருகிற மழை கிட்டத்தட்ட அது.

மலையில் தண்ணீர் பரவ இடமில்லை, பாறையில் விழுந்த வேகத்தில் அப்படியே அணைக்கு வந்துவிடும். மேலே வெளியேறுவதெல்லாம் கடைசியில் பில்லூரில் சேரும். பில்லூர் 100 அடி அணை, ஆனால் கொள்ளளவு சிறிது, வண்டலும் நிறையப் படிந்திருக்கிறது. 97 அடி வந்தாலே திறந்துவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையோரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போகும். துணி துவைப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் எல்லோரையும் மேலே ஏற்றுவார்கள். அதற்குக் கீழே பவானிசாகர் 32.8 டி.எம்.சி. பிடிக்கும் என்பதால் வெள்ளம் அங்கே அடங்கும். சென்னைக்கு அப்படி ஒரு தாங்கி கிடையாது. ஏரியைத் தாண்டினால் நகரம், அடுத்து கடல்.

நாங்கள் நடைமுறையில் செய்தது இதுதான்: பெருமழை அறிவிப்பு வந்ததும் முடிந்தவரை எல்லா இயந்திரங்களையும் ஓட்டுவோம். அந்தத் தண்ணீர் மின்சாரமாகவே போகும், அணையிலும் இடம் கிடைக்கும். குடிநீர் ஏரிக்கு அந்த வழி உண்டா சார்?

மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற பொறியாளர்

ஓரளவு உண்டு. மழைக்கு முன் நகரக் குடிநீருக்குச் செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகம் எடுத்துக்கொண்டு, பூண்டி ஏரியிலிருந்து வரும் கால்வாய் நீரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் குடிநீருக்கு நாளெல்லாம் எடுப்பது சில நூறு கன அடிதான். மிச்சத்துக்கு மதகுதான் வழி. அதைப் பகலிலேயே, ஆயிரம் ஆயிரமாக, சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு வரை ஆள் விட்டுச் சொல்லிய பிறகு திறக்க வேண்டும். கோட்டூர்புரத்து அம்மா கேட்டபடி எத்தனை கன அடிக்கு எந்தத் தெருவில் எவ்வளவு ஏறும் என்ற வரைபடம் வார்டு அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அதைத்தான் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் 2015ல் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தால், தெருப் பெயரையும் உயரத்தையும் இங்கே எழுதுங்கள்.